ரீல்ஸில் வராத பைப்: கேரவன் டிரிப்பில் 'அது' எங்கே போகுது?

மலை விளிம்பில் ஒரு வேன். பின்கதவு திறந்திருக்கும். உள்ளே வெள்ளைப் போர்வை, கையில் காபி கப், தூரத்தில் பனி மூடிய சிகரம், பின்னணியில் மெல்லிசாக ஒரு மியூசிக். 'வேன் லைஃப்' ஹேஷ்டேக் போட்ட இந்த மாதிரி ரீல்ஸைப் பார்த்துவிட்டு, 'வேலையை விட்டுட்டு இப்படிக் கிளம்பிடலாமா' என்று ஒரு நிமிஷமாவது யோசிக்காதவர்கள் குறைவு.

ஆனால் பாஸ், இந்த வீடியோக்களில் ஒரு சீன் மட்டும் வரவே வராது. காபி குடித்து முடித்த அரை மணி நேரத்தில் அந்த ஜோடி எங்கே போனார்கள்? அந்த வண்டிக்குள்ளேயே போனார்கள் என்றால், போனதெல்லாம் எங்கே போனது?

சிரிக்கிற மாதிரி இருந்தாலும் இது சீரியஸான கேள்வி. வீட்டில் ஃபிளஷ் பட்டனை அழுத்தியதும் அந்த விஷயம் நம்மைப் பொறுத்தவரை முடிந்துபோகிறது. நகரும் வீட்டில் அப்படி இல்லை. நாம் போகிற இடத்துக்கெல்லாம் அதுவும் கூடவே வரும். இறக்கி வைக்க ஓர் இடம் வேண்டும். இறக்கி வைக்க ஓர் ஆள் வேண்டும்.

அமெரிக்கா இந்தக் கேள்விக்குப் பல வருஷமாகப் பதில் கண்டுபிடித்து வைத்திருக்கிறது. கேரளா முதல் தமிழ்நாடு வரை 'கேரவன் சுற்றுலா' என்று பேச ஆரம்பித்திருக்கும் நாம், அந்தப் பதிலைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டிய நேரம் இது.

சிகாகோவில் கொட்டிய 'மழை'

முதலில் ஒரு நிஜக் கதை. 2004 ஆகஸ்ட் 8. சிகாகோ நதியில் சுற்றுலாப் படகு ஒன்று போய்க்கொண்டிருக்கிறது. நகரத்தின் பழைய கட்டடங்களைப் பார்க்க நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மேல்தளத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். படகு கின்சி தெருப் பாலத்துக்குக் கீழே வரும்போது மேலேயிருந்து திடீரென்று ஏதோ கொட்டுகிறது. மழை இல்லை. பாலத்தைக் கடந்த ஒரு டூர் பஸ்ஸின் கழிவுத் தொட்டி!

அந்தப் பாலத்தின் தரை கம்பி வலையால் ஆனது. பிரபல ராக் இசைக்குழுவான டேவ் மேத்யூஸ் பேண்டுக்காக ஓடிய பஸ் அது. டிரைவர் வால்வைத் திறந்துவிட, சுமார் 360 கிலோ கழிவு வலை வழியாக நேராகப் படகில் விழுந்தது. இசைக்குழுவினர் யாரும் அப்போது பஸ்ஸில் இல்லை. மறுத்துப் பார்த்த டிரைவர், கேமரா காட்சி சிக்கிய பிறகு குற்றத்தை ஒப்புக்கொண்டார். 10,000 டாலர் அபராதம், 18 மாத நன்னடத்தைக் கண்காணிப்பு. இல்லினாய்ஸ் மாகாண அரசு தொடர்ந்த வழக்கை முடிக்க இசைக்குழு 2 லட்சம் டாலர் கட்டியது.

இருபது வருஷம் தாண்டியும் சிகாகோக்காரர்கள் இதை ஜோக்காகச் சொல்லிச் சிரிக்கிறார்கள். ஆனால், அந்த டிரைவர் செய்ததைத்தான் உலகம் முழுக்கப் பலர் யாரும் பார்க்காத இடத்தில் செய்கிறார்கள். அவருக்குக் கீழே ஒரு படகு இருந்தது. அதனால் மாட்டிக்கொண்டார். மற்றவர்களுக்குக் கீழே ஓடையோ ஏரியோ இருக்கிறது. அது புகார் கொடுப்பதில்லை.

மூணு தொட்டி கணக்கு

அமெரிக்காவில் இந்த வண்டிகளுக்கு 'ஆர்.வி' என்று பெயர். பஸ் சைஸில் இருப்பதும் உண்டு, காருக்குப் பின்னால் இழுத்துப் போகிற டிரெய்லரும் உண்டு. கொரோனா நேரத்தில் விமானமும் வேண்டாம், ஹோட்டலும் வேண்டாம் என்று மக்கள் இந்தப் பக்கம் திரும்பினார்கள். 2021-ல் மட்டும் 6 லட்சம் ஆர்.வி-க்கள் தொழிற்சாலைகளிலிருந்து வெளியே போயின. அதுவரை இல்லாத ரெக்கார்டு. 2023-ல் இது 3.13 லட்சமாக, கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்தது. ஆனாலும் வாங்கிய வண்டிகள் ரோட்டில்தானே இருக்கின்றன? சுமார் 1.12 கோடி அமெரிக்கக் குடும்பங்களிடம் ஆர்.வி இருப்பதாக அந்தத் துறையின் சங்கமே 2021-ல் கணக்குச் சொன்னது.

ஒவ்வொரு ஆர்.வி-யிலும் பொதுவாக மூன்று தொட்டிகள். ஒன்று, நல்ல தண்ணீர். இரண்டாவது, கிரே டேங்க். பாத்திரம் கழுவிய, குளித்த தண்ணீர் இதில் சேரும். மூன்றாவது, பிளாக் டேங்க். பெயரிலேயே புரிந்திருக்கும், டாய்லெட் சமாசாரம் மொத்தமும் இதில். நடுத்தர சைஸ் வண்டியில் பிளாக் டேங்க் 40 கேலன் பிடிக்கும் என்று வைத்துக்கொண்டால், நம் கணக்கில் 150 லிட்டர். இரண்டு பேர் சிக்கனமாக இருந்தால் ஒரு வாரம் தாங்கலாம். நாலு பேர் குடும்பம் என்றால் மூணாவது நாளே முள் மேலே ஏற ஆரம்பிக்கும்.

அமெரிக்காவில் இருக்கும் நம்ம மக்கள் ஆர்.வி வாடகைக்கு எடுக்கும்போது கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். டேங்க் சைஸ், டாய்லெட் பேப்பர் மட்டும் உபயோகிப்பவர்களை மனதில் வைத்துப் போட்டது. நாம் மக் எடுத்துக்கொண்டு போனால் டேங்க் சீக்கிரம் நிரம்பும். அதே மாதிரி, எண்ணெய் மிதக்கிற குழம்புப் பாத்திரத்தை அப்படியே சிங்கில் கழுவினால், அந்தக் கொழுப்பு கிரே டேங்க் சுவரிலும் பைப்பிலும் ஒட்டிக்கொண்டு நாறும். டிஷ்யூவால் துடைத்துக் குப்பையில் போட்டுவிட்டுக் கழுவுவதே நல்லது.

கையுறை மாட்டுங்க, ஆரம்பிக்கலாம்

ஆர்.வி நிறுத்தும் கேம்ப்சைட்டுகளில் 'ஃபுல் ஹுக்கப்' என்று ஒரு வசதி உண்டு. கரன்ட், குடிநீர், சாக்கடை இணைப்பு மூன்றும் உங்கள் வண்டி நிற்கும் இடத்திலேயே இருக்கும். தரையிலிருந்து மூடி போட்ட ஒரு பைப் எட்டிப் பார்க்கும். அதுதான் சாக்கடை வாய்.

வேலை ராக்கெட் சயின்ஸ் இல்லை. வரிசை மாறினால்தான் சிக்கல்.

முதலில் ரப்பர் கையுறை. பிறகு வண்டியின் இரண்டு வால்வுகளும் மூடியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதைப் பார்க்காமல் வெளி மூடியைத் திறந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. ராபின் வில்லியம்ஸ் நடித்து 2006-ல் வந்த 'ஆர்வி' படத்தில் இதை ஒரு முழு காமெடி சீனாகவே எடுத்திருக்கிறார்கள். மூடியைத் திறக்கும்போது கீழே ஒரு சின்ன பக்கெட் வைத்துக்கொண்டால் சொட்டுவதைப் பிடிக்கலாம்.

அடுத்தது ஹோஸ். மூன்று அங்குல விட்டமுள்ள மடிப்பு ஹோஸ். ஒரு முனையை வண்டியில் வைத்துத் திருகினால் 'க்ளிக்' என்று பூட்டும். மறுமுனையில் வளைந்த ஒரு துண்டு இருக்கும். அதைச் சாக்கடை வாயில் மரை போட்டு இறுக்க வேண்டும். கண்ணாடி மாதிரி உள்ளே தெரிகிற துண்டாக வாங்குவது புத்திசாலித்தனம். தண்ணீர் தெளிவாக வருகிறதா என்று பார்த்துத்தான் சுத்தமாகிவிட்டதா என்று முடிவு செய்ய முடியும்.

ஹோஸ் தரையில் பாம்பு மாதிரி நெளிந்து கிடக்கக் கூடாது. ஒரு அடிக்குக் கால் அங்குலம் வீதம் சரிவு இருக்க வேண்டும். இதற்கென்றே அக்கார்டியன் மாதிரி விரியும் பிளாஸ்டிக் தாங்கி கிடைக்கிறது. பம்ப் எதுவும் கிடையாது, புவியீர்ப்பு ஒன்றுதான் இங்கே மோட்டார்.

இப்போதுதான் புதுசாக வருபவர்கள் சொதப்பும் இடம். 'அதான் இணைச்சாச்சே, வால்வைத் திறந்தே வெச்சுடலாம்' என்று தோன்றும். பிளாக் டேங்க்கில் அதைச் செய்யவே கூடாது. திறந்தே இருந்தால் திரவம் மட்டும் ஓடிப்போய், கெட்டியானது தொட்டியின் அடியில் தங்கிவிடும். நாளாக ஆகக் காய்ந்து கூம்பு மாதிரி எழும்பும். ஆர்.வி-காரர்கள் இதற்கு 'பிரமிட்' என்று செல்லப்பெயர் வைத்திருக்கிறார்கள். எகிப்துப் பிரமிட் மாதிரியே இதையும் லேசில் இடிக்க முடியாது. அதனால், தொட்டி மூன்றில் இரண்டு பங்காவது நிரம்பும் வரை வால்வு மூடியே இருக்க வேண்டும். நிரம்பிய தண்ணீர் ஒரே வேகத்தில் பாயும்போதுதான் எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போகும்.

முதலில் பிளாக், பிறகு கிரே. இந்த வரிசையை மனப்பாடம் செய்தே ஆக வேண்டும். சோப்புத் தண்ணீர் பின்னால் வந்து ஹோஸைக் கழுவிவிடும். முடித்ததும் வால்வுகளை மூடி, வண்டிப் பக்க முனையை முதலில் கழற்றி, ஹோஸைத் தூக்கிப் பிடித்து மிச்சத்தையும் சாக்கடைக்குள் வடிய விட வேண்டும். அலசுவதற்கென்று வேறு கலரில் தனி ஹோஸ் வேண்டும். குடிநீர் பிடிக்கும் ஹோஸை இந்தப் பக்கமே கொண்டுவரக் கூடாது. வயிற்றுப்போக்கோடு டிரிப் முடிவதற்கு இந்த ஒரு தப்பு போதும்.

டேங்க்கில் ஊற்றும் கெமிக்கலிலும் கவனம் தேவை. ஃபார்மால்டிஹைடு கலந்தவை நாற்றத்தை அடக்கும். கூடவே, செப்டிக் டேங்க்கில் கழிவைச் சிதைக்கும் பாக்டீரியாவையும் கொன்றுவிடும். என்சைம் வகைதான் பாதுகாப்பு. பேப்பரும் தண்ணீரில் சட்டென்று கரையும் வகையாக இருக்க வேண்டும். ஒரு பாட்டில் தண்ணீரில் போட்டுக் குலுக்கினால் தெரிந்துவிடும்.

இணைப்பு இல்லாத இடத்தில்?

எல்லா கேம்ப்சைட்டிலும் இந்த வசதி இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். யெல்லோஸ்டோன் எவ்வளவு பெரிய தேசியப் பூங்கா! அங்கே தண்ணீர், கரன்ட், சாக்கடை மூன்றும் இருக்கும் கேம்ப்கிரவுண்ட் ஃபிஷிங் பிரிட்ஜ் ஒன்றுதான். யோசெமிட்டி பூங்காவின் கேம்ப்கிரவுண்டுகளில் இந்த இணைப்பே கிடையாது. டேங்க்கைக் காலி செய்யும் 'டம்ப் ஸ்டேஷன்' இருக்கும், அங்கே வண்டியை ஓட்டிப் போக வேண்டும். பூங்காவுக்குள் வேறெங்கே வால்வைத் திறந்தாலும் சட்டப்படி குற்றம். கிரே டேங்க் தண்ணீர்தானே என்று செடிக்கு ஊற்றவும் முடியாது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது, இந்த வசதிக்கான காசு எங்கிருந்து வருகிறது என்பது. வாஷிங்டன் மாகாணத்தில் ஆர்.வி பதிவுக் கட்டணத்தோடு 3 டாலர் சேர்த்து வாங்குகிறார்கள். நெடுஞ்சாலை ஓய்விடங்களில் இருக்கும் டம்ப் ஸ்டேஷன்களைப் பராமரிக்க அந்தப் பணம் போகிறது. வண்டி வைத்திருப்பவர்தான் கழிவுக்கும் பொறுப்பு என்பதைச் சின்னத் தொகையில் சொல்லிவிட்டார்கள்.

அமெரிக்காவில் எல்லாம் சொர்க்கம் என்றும் இல்லை. வீட்டு வாடகை கொடுக்க முடியாமல் பழைய ஆர்.வி-க்களில் தெருவோரம் வாழ்பவர்கள் லாஸ் ஏஞ்சல்ஸ், சியாட்டில் மாதிரி நகரங்களில் ஏராளம். பல வண்டிகள் நகரவே நகராது. டம்ப் ஸ்டேஷன் பக்கத்தில் இருந்தாலும் அவர்களுக்குப் பிரயோஜனம் இல்லை. கழிவு மழைநீர் வடிகாலுக்குப் போக, அக்கம்பக்கத்தினர் கோபப்பட, சண்டை தொடர்கிறது. சியாட்டில் நகரம் வண்டி நிற்கும் இடத்துக்கே லாரி அனுப்பிக் கழிவை உறிஞ்சி எடுக்கும் திட்டத்தை முயன்று பார்த்தது. ஒரே மாதிரி வண்டி, ஒரே மாதிரி டேங்க். ஒருவருக்கு அது லீவு, இன்னொருவருக்கு அதுதான் வீடு.

நம்மூருக்கு வருவோம்

'கேரவன்' என்றால் நமக்கு இன்றைக்கும் ஷூட்டிங் ஸ்பாட்தான் ஞாபகம் வரும். ஹீரோ ஏறி உட்காரும் வண்டி. ஆனால், அது இப்போது டூரிஸ்ட் பக்கமும் வந்துவிட்டது. கேரளா 2021-ல் கேரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவித்தது. வாகமனில் முதல் கேரவன் பார்க் 2022-ல் திறக்கப்பட்டது. மகாராஷ்டிராவும் 2021-லேயே தனிக் கொள்கை கொண்டுவந்தது. தமிழ்நாடு அரசின் 2023 சுற்றுலாக் கொள்கையிலும் கேரவன் சுற்றுலாவுக்கு இடம் இருக்கிறது. இன்னொரு பக்கம், டெம்போ டிராவலரை வாங்கி உள்ளே கட்டில், கிச்சன், குட்டி டாய்லெட் என்று தாங்களே மாற்றிக்கொள்ளும் யூடியூபர்கள்.

நல்ல விஷயம்தான். ஹோட்டல் கட்ட மலையைக் குடையாமல், வண்டி வந்து நின்று போனால் இயற்கைக்கும் நல்லது என்பதுதான் இந்த ஐடியாவின் அடிப்படை. ஆனால், பைப் இல்லாவிட்டால் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடும். கேரவன் பார்க்குக்குள் நிற்கிற வண்டிக்கு இணைப்பு கிடைக்கும். பார்க் இல்லாத ஊரில், வழியில், வியூ பாயின்ட்டில் நிற்கிற வண்டிக்கு? நம் நெடுஞ்சாலைகளில் டீக்கடை இருக்கிறது, சார்ஜிங் ஸ்டேஷன்கூட வந்துவிட்டது. கேரவன் டேங்க்கைக் காலி செய்ய ஓர் இடம் என்று போர்டு பார்த்திருக்கிறீர்களா?

ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7-லிருந்து இ-பாஸ் வாங்கித்தான் போகிறோம். சென்னை உயர் நீதிமன்றம் அப்படிச் சொன்னதற்குக் காரணம், மலை தாங்கும் அளவைத் தாண்டி வண்டிகள் ஏறுவதுதான். அந்த மலைகளில் ஓடும் ஓடைத் தண்ணீரைத்தான் கீழே உள்ள ஊர்கள் குடிக்கின்றன. அங்கே ஒரு வேன் ராத்திரி இருட்டில் வால்வைத் திறந்தால், சிகாகோ மாதிரி மறுநாள் நியூஸில் வராது. பல நாள் கழித்து ஏதோ ஒரு கிராமத்தில் வயிற்றுப்போக்காக வரலாம்.

ரயிலை நினைத்துப் பாருங்கள். 'நிலையத்தில் வண்டி நிற்கும்போது பயன்படுத்தாதீர்கள்' என்ற வாசகத்தோடு வளர்ந்தவர்கள் நாம். டாய்லெட் ஓட்டை நேராகத் தண்டவாளத்தைப் பார்க்கும். பயோ டாய்லெட்டுக்கு மாறப் பல வருஷம் ஆனது. அதுவரை தண்டவாளத்தைச் சுத்தம் செய்தது யார்? இந்தக் கதையின் முக்கியமான கேள்வியே இதுதான்.

கையுறை யார் மாட்டுவது?

அமெரிக்க கேம்ப்கிரவுண்டில் ஒரு காட்சி சர்வ சாதாரணம். கம்பெனி டைரக்டரோ, ரிட்டயர்டு டீச்சரோ, காலை எட்டு மணிக்குக் கையுறை மாட்டிக்கொண்டு தன் வீட்டுக் கழிவைத் தானே இறக்கிக்கொண்டிருப்பார். பக்கத்து வண்டிக்காரர் 'குட்மார்னிங்' சொல்லிவிட்டு, ஹோஸ் லீக் ஆகிறதே என்று டிப்ஸ் கொடுப்பார். யாரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒதுங்குவதில்லை. யாரையும் கூப்பிட்டுச் செய்யச் சொல்வதும் இல்லை.

இங்கே? சாக்கடை, செப்டிக் டேங்க் என்றதும் 'ஆள் கூப்பிடு' என்பதுதான் நம் முதல் வார்த்தை. அந்த 'ஆள்' எந்தச் சாதியிலிருந்து வருவார் என்பது சொல்லாமலே எல்லோருக்கும் தெரியும். மனிதர்களை மலம் அள்ள வைப்பதைத் தடைசெய்யும் சட்டம் 2013-ல் வந்தது. பாதுகாப்பில்லாமல் செப்டிக் டேங்க்கில் இறக்குவதும் அதன்படி குற்றம். ஆனாலும் சாவு நிற்கவில்லை. சாக்கடை மரணத்துக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்த வேண்டியிருந்தது. 1993-லிருந்து பதிவான இந்த மரணங்கள் பற்றி நாடாளுமன்றத்தில் தரப்பட்ட கணக்குகளில் தமிழ்நாடு முதலிடத்தில் இருந்திருக்கிறது. பெருமைப்படுகிற முதலிடம் இல்லை இது.

செப்டிக் டேங்க் லாரிகள் கண்ட இடத்தில் கொட்டுவதைத் தடுக்க, உரிமம் கட்டாயம் என்று 2022-ல் தமிழ்நாட்டில் சட்டம் திருத்தப்பட்டது. சரியான அடி. அந்த லாரிகளுக்கு வைத்த அதே கேள்வியைத்தான் கேரவனுக்கும் வைக்க வேண்டும்: ஏற்றியதை எங்கே இறக்குகிறாய்?

இதற்குப் பெரிய பட்ஜெட் தேவையில்லை. கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் இருக்கும் ஊர்களில், அதன் வாசலிலேயே கேரவன் வந்து இறக்க ஒரு மேடை, ஒரு தண்ணீர்க் குழாய். கேரவன் பதிவின்போதே ஒரு சின்னக் கட்டணம். வாடகைக்கு விடும் கம்பெனிகள், எங்கே காலி செய்தோம் என்பதற்கு ரசீது வைத்திருக்க வேண்டும் என்ற விதி. இந்த மூன்றும் இருந்தால், டிரைவரோ கிளீனரோ இருட்டில் வால்வைத் திறக்க வேண்டிய கட்டாயம் வராது. வண்டிகள் ஆயிரக்கணக்கில் பெருகிய பிறகு இதைச் செய்வதைவிட, விரல்விட்டு எண்ணும் அளவில் இருக்கும்போதே செய்வது சுலபம்.

அரசு செய்யும் வரை நாம் சும்மா இருக்க வேண்டும் என்பதில்லை. அடுத்த லாங் வீக்எண்டுக்கு கேரவன் புக் பண்ணுகிறீர்களா? ஏ.சி இருக்கா, வைஃபை இருக்கா என்று கேட்கும்போது கூடவே மூன்று கேள்விகளையும் கேளுங்கள். டேங்க் எத்தனை லிட்டர்? எங்கே காலி செய்வீர்கள்? யார், எந்த உபகரணத்தோடு செய்வார்கள்? பதில் மழுப்பலாக வந்தால் வேறு வண்டி பாருங்கள். பதில் தெளிவாக வந்தால், ஒரு ஜோடி கையுறையை உங்கள் பேக்கிங் லிஸ்ட்டிலும் சேர்த்துக்கொள்ளுங்கள்.